பத்மநாதன் வாய் திறக்கவில்லை

லண்டன் கிங்ஸ்பரியில் அந்த வீட்டில் கோபம் வந்தால் சத்தம் வராது. கதவு அடிபடாது, கோப்பை பறக்காது. பத்மநாதன் வாயை மூடிக்கொள்வார். சிவமலரும் மூடிக்கொள்வாள். பிறகு இரண்டு பேரும் ஹரோவில் இருக்கிற மகள் கம்சிகாவுக்கு மாறி மாறி ஃபோன் எடுப்பார்கள். "அப்பாவிட்டச் சொல்லு பிள்ளை, நீலக் குப்பைத் தொட்டியை நாளைக்கு வெளியில வைக்கோணும்" என்று குசினியில் நின்று தாய் சொல்லுவாள். அப்பா அடுத்த அறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் சொல்வது அவருக்கு நன்றாகவே கேட்கும். ஆனாலும் மகளிடமிருந்து மெசேஜ் வந்தால்தான் எழும்புவார். கம்சிகாவும் பாவம், தன் வேலைக்கு நடுவே இந்தத் தபால்காரி வேலையையும் பார்த்தாள். கலியாணம் கட்டின காலந்தொட்டு இப்படித்தான். இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். பிறகு யாராவது ஒருவர் தேத்தண்ணியைக் கொண்டுவந்து மற்றவருக்கு முன்னால் வைப்பார். அதோடு எல்லாம் சரியாகிவிடும்.

இந்த முறை சரியாகவில்லை.

கோபம் தொடங்கியது தேரன்று. லண்டனில் வெயில் எட்டிப்பார்க்கிற அந்தக் கொஞ்சக் காலத்துக்குள் எல்லாக் கோயிலும் தேர் இழுத்து முடிக்க வேண்டுமே. வீதியை மறித்து, ஓரத்தில் பொலிஸ்காரர் நிற்க, சனம் வடம் பிடிக்க, தேருக்கு முன்னால் குவித்து வைத்த தேங்காய்களை அடித்து உடைப்பார்கள். சிரட்டை சிதறி ரோட்டெல்லாம் பறக்கும். தொண்டர்கள் தும்புத்தடியோடு ஓடி ஓடிக் கூட்டுவார்கள், கூட்டியும் கொஞ்சம் கிடக்கும். பத்மநாதன் முழங்கால் வலியென்று மாடிப்படியில் கைபிடித்து ஏறுகிற மனிதர். அன்றைக்கு ஒருவரிடமும் சொல்லாமல் சேர்ட்டைக் கழற்றி, வேட்டியை இறுக்கிக் கட்டி, தேருக்குப் பின்னால் தார் ரோட்டில் படுத்துப் பிரதட்டை செய்யத் தொடங்கிவிட்டார். இளந்தாரிகளுக்கு நடுவே அவருடைய நரைத்த முதுகு உருண்டு உருண்டு போனதை, பால்செம்போடு நின்ற சிவமலர் கண்டாள்.

பயத்தைப் பயமாகச் சொல்லத் தெரிந்திருந்தால் ஒன்றுமில்லை. அவளுக்கு அது ஏச்சாகத்தான் வரும். அன்னதான வரிசையில், ஊர்ச் சனமெல்லாம் நிற்க, "எழுபதைத் தொடப்போறார், ரோட்டில புரளுறார். நாளைக்குக் கிடையில விழுந்தா ஆர் தூக்கிறது?" என்று கேட்டாள். முன்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பத்மநாதன், "நேர்த்தி" என்றார். என்ன நேர்த்தி, ஆருக்கு நேர்த்தி என்று அவள் விடாமல் கேட்டாள். அவர் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு ஒரு மூலைக்குப் போனார். அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

முதுகில் சிராய்ப்பு இருந்தது. இருக்கத்தானே செய்யும். ஆனால் சாமிக்கு உருண்ட உடம்பில் படுகிற கீறலை யாரும் காயக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது நோகாது, சீழ் பிடிக்காது என்பார்கள். அதற்கு மருந்து பூசுவது சாமியை நம்பாத மாதிரி. திருநீற்றை அள்ளிப் பூசிவிட்டால் சரி. பத்மநாதனும் பூசிக்கொண்டார். அன்று உருண்டு முடித்துப் போட்ட சேர்ட்டை வோஷிங் மெஷினுக்குள் போடும்போது தோள்பட்டைக்குக் கீழே ஒரு பொட்டு இரத்தம் பட்டிருப்பதைச் சிவமலர் கண்டாள். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள். மற்ற நாளென்றால், இஞ்ச வாருங்கோ பாப்பம் என்று கூப்பிட்டு முதுகைத் திருப்பியிருப்பாள். கோபமாக இருக்கிற புருஷனின் முதுகை எப்படித் திருப்புவது?

ஒரு கிழமை போனது. வழக்கத்தைவிட நீண்ட கோபம்தான். நான் எல்லாருக்கும் முன்னால் கதைத்தது பிழைதான், அதுக்காக இவ்வளவா என்று அவள் மனதுக்குள் கணக்குத் தீர்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை அவர் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். சனிக்கிழமை சாப்பிட வரவேயில்லை. அவள் எட்டிப் பார்த்தபோது தாடையைத் தடவிக்கொண்டு கதிரையில் இருந்தார். அவளைக் கண்டதும் முகத்தில் ஒரு சிரிப்பு. உதடு இரண்டு பக்கமும் இழுபட்டு, பல்லுத் தெரிய, புருவம் மேலே ஏறி, அப்பட்டமான நக்கல் சிரிப்பு. இத்தனை காலத்தில் அவர் அவளைப் பார்த்து இப்படிச் சிரித்ததில்லை. கோபத்தைத் தாங்கலாம், பகிடி பண்ணுவதைத் தாங்க முடியுமா? அவள் குசினிக்குப் போய் மகளுக்கு ஃபோன் எடுத்தாள்.

"கொப்பர் என்னைப் பாத்து இளிக்கிறார்."

"அம்மா, தட்ஸ் குட், இல்லையா? சமாதானமாப் போறார் போல."

"அது சமாதானச் சிரிப்பில்லை."

கம்சிகா அப்பாவுக்கு மெசேஜ் அனுப்பினாள். பதிலாக, பல்லுக் கொதி என்று ஒரு வரி வந்ததாம். அதை அவள் அம்மாவுக்குச் சொன்னாள். சிவமலர் பல்வலிக்கென்று ஒரு கிண்ணத்தில் கராம்பைப் போட்டு அவருக்கு முன்னால் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் திரும்பி வந்தாள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு பார்த்தபோது கராம்பு அப்படியே இருந்தது. பார், நான் வைத்ததைத் தொடவும் மாட்டார் என்று அவளுக்குக் கண்ணீர் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள்தான் இறங்கி வந்தாள். தேத்தண்ணி ஊற்றி, சீனி கூடப் போட்டு, அவருக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள். அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோப்பையை எடுத்து உதட்டில் வைத்தார். தேத்தண்ணி உள்ளே போகவில்லை. இறுக்கிக் கடித்திருந்த பல்லின்மேல் பட்டு, நாடியால் வழிந்து, வேட்டியை நனைத்தது. அவர் கோப்பையை உதட்டிலிருந்து எடுக்கவேயில்லை. இன்னும் இன்னும் ஊற்றிக்கொண்டிருந்தார். சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் சிரிக்கவில்லை.

"இஞ்சருங்கோ, வாயைத் திறவுங்கோ" என்றாள் சிவமலர். தேருக்குப் பிறகு அவரோடு நேராகக் கதைத்த முதல் பேச்சு அது.

"ஏலாது" என்று பல்லுக்குள்ளால் ஒரு சத்தம் வந்தது.

அந்த நேரம் பார்த்து வெளியே யாரோ கார்க் கதவை அடித்துச் சாத்தினார்கள். பத்மநாதனின் உடம்பு கதிரையிலேயே வில்லாக வளைந்தது. கழுத்து பின்னால் போயிற்று. கோப்பை விழுந்து உடைந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான், பிறகு தளர்ந்தார். சிவமலருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள். பொறுக்கிக்கொண்டே மகளுக்கு ஃபோன் எடுத்தாள்.

கம்சிகா வந்து இரண்டு பேரையும் காரில் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் எமேர்ஜன்சிக்குப் போனாள். முகம் இழுபட்டிருக்கிறது, பேச்சு வரவில்லை என்றதும் வாசலில் இருந்த நேர்ஸ் ஒருகணமும் தாமதிக்கவில்லை. ஸ்ட்ரோக் என்று நாலைந்து பேர் ஓடிவந்து, கட்டிலோடு தள்ளிக்கொண்டு தலையை ஸ்கான் எடுக்கப் போனார்கள். சிவமலர் பின்னால் ஓடினாள். ஸ்ட்ரோக் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய தமையன் அதில்தான் போனார். அவள் கும்பிடாத தெய்வமில்லை. ஸ்கானில் ஒன்றுமில்லை என்று வந்து சொன்னார்கள். அவளுக்குச் சந்தோசப்படுவதா என்று தெரியவில்லை. ஒன்றுமில்லையென்றால் இந்த மனிதர் ஏன் இப்படிக் கிடக்கிறார்?

செந்தாடி வைத்த ஓர் இளம் டொக்டர் வந்தார். நல்ல பிள்ளை, கதிரையை இழுத்துப் போட்டு, பக்கத்தில் இருந்து, ஆறுதலாகத்தான் கேட்டார். கம்சிகா ஒவ்வொன்றாகத் தமிழில் கேட்டுச் சொன்னாள். பல்லில் சீழ் இருந்ததா? இல்லை. சத்திக்கு, அதாவது வாந்திக்கு, குளிசை ஏதும் எடுத்தாரா, அதுவும் சிலருக்குத் தாடையைப் பூட்டுமாம். எடுக்கவில்லை. காயம் ஏதும் பட்டதா? சிவமலர் யோசித்துப் பார்த்தாள். மீன் வெட்டுகிற கத்தி, தோட்டத்து ரோஜா முள், எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தாள். இல்லை என்றாள். டொக்டர் கையையும் காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை. தடுப்பூசிகள் போட்டவரா? ஓம், எல்லாம் போட்டவர் என்று சிவமலர் உறுதியாகச் சொன்னாள். கொரோனாவுக்கு ஒன்று விடாமல் போட்டவர். வருசா வருசம் ஃபுளூவுக்கும் போடுகிறவர்.

எப்போதிருந்து பேச்சில்லை என்று கேட்டபோதுதான் வில்லங்கம் வந்தது. சிவமலர், "நேற்றிலயிருந்து" என்றாள். கம்சிகா தாயைப் பார்த்தாள். பிறகு இங்கிலீஷில் டொக்டரோடு கொஞ்ச நேரம் கதைத்தாள். டொக்டரின் முகம் மாறியது. அவர் பேனையை மூடி, தலையை ஆட்டி, இன்னும் மெல்லிய குரலில் ஏதோ கேட்டார்.

"என்ன சொன்னனி?"

"உண்மையைத்தான். ரெண்டு பேரும் கோவமெண்டு. அப்பா ஒரு கிழமைக்கு மேல கதைக்கேல்லையெண்டு."

"வீட்டுக்கதையை ஏன் இஞ்ச எடுத்தனி?"

"அம்மா, அவங்களுக்குத் தெரியோணும். மனசு சம்பந்தமா இருக்கலாமாம். கவலையில, அதிர்ச்சியில சில ஆக்கள் இப்பிடி விறைச்சுப்போறவையாம். அதுக்குரிய டீமைக் கூப்பிடப் போறாராம்."

சிவமலர் கதிரையில் இருந்துவிட்டாள். நான் ஏசின ஏச்சில்தான் இந்த மனிதர் கட்டையாகப் போனாரா? அப்படியும் நடக்குமா? டொக்டர்மார் சொன்னால் நடக்கும்தானே. பொய் சொன்னபோதும் பிழையாகப் போனது. உண்மை வெளியே வந்தபோது அதைவிடப் பிழையாகப் போனது. எதைச் சொன்னால் இவர்கள் சரியான வழிக்குப் போவார்கள்? பத்மநாதன் கட்டிலில் அந்தச் சிரிப்போடு கிடந்தார். கண் அவளையே பார்த்தது. அந்தக் கண்ணில் நல்ல அறிவு இருந்தது. அவருக்கு எல்லாம் கேட்கிறது, எல்லாம் விளங்குகிறது. அது அவளுக்கு இன்னும் குழப்பமாக இருந்தது. நோயில் விழுந்த வருத்தக்காரர் என்றால் மயங்கிக் கிடக்க வேண்டாமா?

அந்த நேரம் இன்னொரு டொக்டர் கட்டிலைச் சுற்றியிருந்த திரையைச் சரக்கென்று இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். திரை வளையங்கள் கம்பியில் கிறீச்சிட்டன. பத்மநாதனின் முதுகு கட்டிலை விட்டு எழும்பியது. குதியும் பிடரியும் மட்டும்தான் கட்டிலில் பட்டன. வந்தவள் திரையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். வலிப்பு அடங்கும்வரை அசையவில்லை. பிறகு பூனை நடக்கிற மாதிரி நடந்து வந்து, அவருடைய வயிற்றில் கைவைத்து அழுத்திப் பார்த்தாள்.

"பலகை மாதிரி இருக்கு" என்று தனக்குத்தானே தமிழில் சொன்னாள்.

அவள் பெயர் ரமா. திருச்சிப் பக்கம். படித்தது மதுரையில், இங்கே எமேர்ஜன்சியில் மூத்த டொக்டர். சிவமலரிடம் குனிந்து, காதுக்குள் சொல்வது போல, தான் ஒன்று செய்து பார்க்கப்போவதாகச் சொன்னாள். நாக்கை அமர்த்துகிற தட்டையான தடி ஒன்றை, பல் கொஞ்சம் தளர்ந்த நேரம் பார்த்து, இடுக்கால் மெல்ல உள்ளே விட்டுத் தொண்டையின் பின்பக்கம் தொட்டாள். உங்களுக்கும் எனக்கும் அப்படித் தொட்டால் ஓங்காளம் வரும். பத்மநாதனின் பல் அந்தத் தடியைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. ரமா இழுத்தாள், வரவில்லை.

வெளியே கூட்டிக்கொண்டு வந்து ரமா சொன்னாள்: "அம்மா, எனக்கு இது டெட்டனஸ்னு தோணுது. இந்த நாட்டுலயே வருஷத்துக்கு நாலைஞ்சு பேருக்குத்தான் வரும், அதனால யாரும் பார்த்திருக்க மாட்டாங்க. நானே படிக்கிறப்போ ஒரே ஒருத்தரைத்தான் பார்த்தேன், அதுவும் தூரத்துல நின்னு. இதுக்குன்னு ரத்தத்துல பார்த்துச் சொல்ற பரிசோதனை கிடையாது. கண்ணால பார்த்துத்தான் சொல்லணும்."

டெட்டனஸ் என்றால் சிவமலருக்கு விளங்கவில்லை. கறள் பிடித்த ஆணி குத்தினால் வருகிறது, உடம்பு வளைத்து இழுக்கும், வாய் பூட்டும் என்று ரமா விவரித்தபோதுதான் பிடிபட்டது. "ஏற்போ?" என்று கேட்டாள். யாழ்ப்பாணத்தில் வெறுங்காலோடு திரிந்த பிள்ளைகள் எல்லாருக்கும் ஏற்பைப் பற்றித் தெரியும். ஆணி குத்தினால் ஏற்பாக்கும். ஏற்பாக்கினால் ஆள் தப்பாது. ஆனால் அதற்கு ஆணி வேண்டுமே? இந்த வீட்டில் கறள் பிடித்த ஆணிக்கு எங்கே போவது, கம்பளம் விரித்த நிலத்தில்?

"ஆணி குத்தேல்லை, பிள்ளை" என்றாள்.

பொறுப்பான பெரிய டொக்டர் ஒரு வெள்ளைக்கார மனுசி. அவவும் வந்து பார்த்தா. தன் சேவைக்காலம் முழுவதிலும் இதைக் கண்டதில்லை, இருந்தாலும் ரமா சொல்வதைத் தள்ள முடியாது, ஆனால் காயம் எங்கே என்று கேட்டா. நியாயமான கேள்விதான். கிருமி உள்ளே போக ஒரு வாசல் வேண்டும். காயத்தைக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்யாவிட்டால் கிருமி அங்கேயே இருந்து நஞ்சைக் காய்ச்சிக்கொண்டிருக்கும். அடுத்த இழுப்பு மூச்சுக்குழாயை இறுக்கினால் ஆள் முடிந்தது. காயமே இல்லையென்றால் இது வேறு ஏதோ.

ரமா திரும்பவும் சிவமலரிடம் வந்தாள். நாட்டு மருந்து ஏதும் குடித்தாரா, எட்டிக்கொட்டை சேர்ந்த சூரணம், லேகியம், அல்லது வீட்டில் எலி மருந்து ஏதும் உண்டா என்று கேட்டாள். கோபத்தில் நான் நஞ்சு வைத்தேன் என்று நினைக்கிறார்களோ? "நான் கராம்பு மட்டும்தான் வைச்சனான். அதையும் அவர் தொடேல்லை" என்று அழத் தொடங்கினாள். ரமா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, அந்த நஞ்சும் இதே மாதிரி இழுக்கும் என்பதால்தான் கேட்டேன் என்று சொல்லித் தேற்றினாள். பிறகு தண்ணீர் வாங்கிக் கொடுத்து, அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தாள்.

"யோசிச்சுப் பாருங்கம்மா. காயம்னு பெரிசா இருக்க வேண்டாம். போன ரெண்டு மூணு வாரத்துல எங்கயாவது மண்ணுல, ரோட்டுல விழுந்தாரா?"

"விழேல்லை" என்றாள் சிவமலர். கேட்டதற்குச் சரியான பதில் சொல்ல வேண்டுமென்ற கவனத்தில், "உருண்டவர்" என்றும் சொன்னாள்.

ரமா தண்ணீர்க் கோப்பையை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"எங்க உருண்டார்?"

"தேருக்குப் பின்னால. நேர்த்தி."

"அங்கப்பிரதட்சணமா? சட்டை இல்லாம, ரோட்டுலயா?"

"ஓம். தேங்காய் உடைச்ச ரோட்டில. ஆனா அது காயமில்லை, பிள்ளை. அது சாமிக்குப் பட்டது."

சொல்லி முடித்ததும் அவளுக்குச் சேர்ட்டில் இருந்த பொட்டு இரத்தம் ஞாபகம் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். இதை ஏன் முதலே சொல்லவில்லை என்று ரமா ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிவமலர் ஒளிக்கவில்லை. காயம் உண்டா என்று கேட்டார்கள், அவளுக்குத் தெரிந்த காயங்களில் அது இல்லை.

உடம்பைத் தளர்த்துகிற மருந்தை முதலில் ஏற்றினார்கள். பிறகு ஐந்து பேர் சேர்ந்து, ஒருவர் கண்ணால் காட்ட மற்றவர்கள் சத்தமில்லாமல் பத்மநாதனைப் பக்கவாட்டில் திருப்பினார்கள். முதுகில் சிராய்ப்பெல்லாம் ஆறித் தழும்பாகியிருந்தது. வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே மட்டும் ஒரு சின்னப் பொருக்கு, பருப்பளவு. ரமா அதை அமர்த்தியபோது கொஞ்சம் நீர் கசிந்தது. இடுக்கியை விட்டு இழுத்தாள். கறுத்த சிராம்பு ஒன்று வந்தது, விரல் நகத்தின் நீளம். தேங்காய்ச் சிரட்டை. அதைப் பார்த்த செந்தாடி டொக்டர் அது என்னவென்று கேட்டார். கம்சிகா சொன்னாள். அவருக்கு அது எப்படி ஒரு மனிதருடைய முதுகுக்குள் போனது என்று விளங்க நேரமெடுத்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நஞ்சை மடக்குகிற ஊசி போட்டார்கள், கிருமிக்கு மருந்து ஏற்றினார்கள், காயத்தைக் கீறிப் பழுதான சதையை வெட்டி எடுத்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோகுமுன் ரமா அவளை ஓரமாக இருத்தி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். நரம்புக்குள் ஏற்கெனவே ஏறிவிட்ட நஞ்சைத் திருப்பி எடுக்க முடியாது. இனி ஏறப்போவதைத்தான் தடுத்திருக்கிறோம். ஏறினது தானாகத் தேய வேண்டும். அதுவரை தூங்க வைத்து, மெஷின் மூச்சுவிட, காத்திருக்க வேண்டும். நாள் கணக்கல்ல, வாரக் கணக்கு. இந்த வயதில் தப்பாமல் போனவர்களும் உண்டு.

"ஒரு சத்தம், ஒரு வெளிச்சம், சட்டுனு தொட்டாக்கூட இழுக்கும்மா. ரூம் இருட்டா, அமைதியா இருக்கணும். நீங்களும் பேசக்கூடாது."

"அதொண்டும் எங்களுக்குப் புதிசில்லை" என்றாள் சிவமலர். சொன்ன பிறகுதான் தான் பகிடி விட்டது அவளுக்கே உறைத்தது, அழுகை வந்தது.

நம்முடைய சனத்தை உங்களுக்குத் தெரியும்தானே. ஒருவர் ஆஸ்பத்திரியில் என்றால் அடுத்த நாளே ஃபிளாஸ்க்கும் கையுமாக நிற்பார்கள். வராவிட்டால் குறை, வந்து பார்க்க விடாவிட்டால் அதைவிடப் பெரிய குறை. கோயில்காரர்கள் திருநீறும் பூவும் கொண்டு வந்தார்கள். கிங்ஸ்பரிப் பக்கத்து வீட்டு மரியநாயகி சூப் வைத்துக்கொண்டு வந்தா. அந்த மனுசி இரகசியம் சொன்னாலே தெருமுனைக்குக் கேட்கும். சிவமலர் வோர்ட் வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"நானென்ன, அவரைப் பிடிச்சு விழுங்கவே போறன்? ஒருக்கா முகத்தைக் காட்டு" என்றா மரியநாயகி.

"ஏலாது, அக்கா. உங்கட குரலுக்கு அவர் வளைஞ்சிடுவார்."

மரியநாயகி முகம் சுருங்கிப்போனா. சூப்பை அவளுடைய கையில் வைத்துவிட்டு, தேவமாதாவிடம் சொல்லுறன் என்று முதன்முதலாக மெல்லிய குரலில் சொல்லிவிட்டுப் போனா. கோயில்காரர் ஒருவர் கோபித்துக்கொண்டார். யார் கோபித்தாலும் அவள் வாசலை விடவில்லை.

உள்ளே போகும்போது ஃபோனை மகளிடம் கொடுத்துவிடுவாள். அவளுடைய தங்க வளையல் கிலுங்குகிறது, கழற்றினால் நல்லது என்று நேர்ஸ் சைகையால் காட்டினாள். புருஷன் இப்படிக் கிடக்கிற நேரத்தில் வெறுங்கையோடு எப்படி இருப்பது? சிவமலர் தலையை ஆட்டி மறுத்து, கைக்குட்டையை வளையல்களைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். நேர்ஸ் கொஞ்சம் யோசித்து, பிறகு அதன்மேல் ஒரு பண்டேஜையும் சுற்றிவிட்டாள்.

இருட்டில் மெஷினின் சின்னப் பச்சை எழுத்துகள் மட்டும் தெரியும். தொண்டையில் குழாயோடு பத்மநாதன் கிடப்பார். அந்தச் சிரிப்பு மருந்தில் கரைந்துபோயிருந்தது. அவள் பக்கத்தில் இருந்து ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எந்த நாள்வரை அது கோபம்? எந்த நாளிலிருந்து அது நோய்? சோற்றைப் பாதியில் விட்டது எது? கராம்பைத் தொடாதது எது? என் பக்கம் பார்க்காமல் திரும்பிப் படுத்தாரே, அது கோபமா, கழுத்து இறுகியதா? ஒருவேளை அவர் என்றோ கோபம் ஆறிக் கதைக்கப் பார்த்திருந்து, வாய் வராமல்போய், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருந்தால்? ஒவ்வொரு நாளையும் எடுத்து ஒரு பக்கம் வைப்பாள், பிறகு மற்றப் பக்கம் வைப்பாள். ஒன்றும் ஓரிடத்தில் நிற்காது.

ஒருநாள் ரமா தன் ஷிப்ட் முடிந்து பார்க்க வந்தாள். வாசலுக்கு வெளியே வைத்துச் சிவமலர் அதை அவளிடம் கேட்டாள். எந்த நாளிலிருந்து? ரமா, "சொல்ல முடியலம்மா. தாடை எப்ப இறுக ஆரம்பிச்சுதுன்னு அவருக்குத்தான் தெரியும். எழுந்ததும் அவரையே கேளுங்க" என்றாள். அதிலிருந்து சிவமலருக்குக் காத்திருக்க ஒரு காரணம் கூடியது. அவர் பிழைக்க வேண்டும். பிழைத்து இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இழுப்பு குறைய நெடுநாள் எடுத்தது. இடையில் ஒருநாள் நெஞ்சில் சளி கட்டி, இனிமேல் நம்பிக்கையில்லை என்கிற மாதிரி டொக்டர்மார் முகத்தைத் தொங்கப்போட்டார்கள். அதையும் தாண்டினார். வெளியே மரங்கள் இலை கொட்டத் தொடங்கியபோது மெஷினை நிறுத்தினார்கள். பிறகு தொண்டைக் குழாயை எடுத்தார்கள். பிறகு ஜன்னல் திரையைக் கொஞ்சம் விலக்கினார்கள். பத்மநாதன் பாதியாகிப் போயிருந்தார். கன்னம் ஒட்டி, தாடி நரைத்து, சின்னப்பிள்ளை போலக் கண்ணை உருட்டி உருட்டிப் பார்த்தார்.

கதைக்கலாம் என்று சொன்ன அன்று கம்சிகா வெளியே போய் நின்றுகொண்டாள். சிவமலர் கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்தாள். என்ன கேட்க வேண்டுமென்று அவள் எத்தனை நாளாக அடுக்கி வைத்திருந்தாள். வாயைத் திறந்தால் ஒன்றும் ஒழுங்காக வரவில்லை.

"நீங்கள் எப்ப தொடங்கி..." என்று தொடங்கி நிறுத்தினாள். "உங்களுக்கு எப்ப, என்னோட கதைக்க வேணுமெண்டு..."

பத்மநாதன் நெற்றியைச் சுருக்கினார். குரல் காற்றுப் போன மாதிரி வந்தது. தேர் எப்போது என்று கேட்டார். தேர் முடிந்துவிட்டது என்றாள். தான் போகவில்லையா என்று கேட்டார். அவருக்குத் தேர் ஞாபகமில்லை. உருண்டது ஞாபகமில்லை. அன்னதான வரிசை, அதற்குப் பிறகு வீட்டில் போன நாட்கள், தேத்தண்ணி, ஒன்றுமே ஞாபகமில்லை. மருந்து எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போய்விட்டது. ஆடிப் பிறப்புக்குக் கூழ் குடித்தது வரைக்கும்தான் அவரிடம் இருந்தது.

அந்த நாட்களெல்லாம் இப்போது சிவமலரிடம் மட்டும்தான் இருந்தன. எது கோபம், எது நோய் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்தப் பக்கமே போகாதவர் போலப் படுத்திருக்கிறார். அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது. தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

அவர் அவளுடைய முகத்தை உற்றுப் பார்த்தார்.

"என்னப்பா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு? என்னோட கோவமே?"

ஓம் என்று சொல்ல வாய் வந்தது. இல்லையென்று சொல்லவும் வந்தது. இரண்டில் எது உண்மையென்று அவளுக்குத் தெரியவில்லை.

"தெரியேல்லை" என்றாள். "அதைப் பிறகு பாப்பம். இப்ப இதைக் குடியுங்கோ."

கஞ்சியை ஒரு கரண்டி அள்ளி ஊதினாள். பத்மநாதன் வாயைத் திறந்தார். தாடை பாதியில் நின்று நடுங்கியது. அவள் அவசரப்படுத்தவில்லை. கரண்டி போகிற அளவுக்கு அது திறக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.